ஷெர்பா என்பது வேலையின் பெயர் இல்லை

“எவரெஸ்டில் சுமை தூக்குபவர்களுக்குத்தான் ஷெர்பா என்று பெயர், அவர்கள் யாக் பால் குடித்து வளர்வதால்தான் அவ்வளவு பலம்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஷெர்பா ஓர் இனத்தின் பெயர். ‘ஷர்’ என்றால் கிழக்கு, ‘பா’ என்றால் மக்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் திபெத்திலிருந்து வந்து நேபாளத்தின் கும்பு, சோலு பகுதிகளில் குடியேறியவர்கள். மலையேற்றக்காரர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே மாடு மேய்த்து, பார்லி விதைத்து, 5,700 மீட்டருக்கு மேல் இருக்கும் நாங்பா லா கணவாய் வழியாகத் திபெத்தோடு உப்பு வியாபாரம் செய்து வாழ்ந்தவர்களை, ஏதோ பெட்டி தூக்கவே பிறந்தவர்கள் மாதிரி எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் அந்தப் பால். யாக் என்பது இமயமலைச் சடைமாட்டில் காளையின் பெயர், அது எங்கே பால் தரும்? பசுவுக்கு அவர்கள் மொழியில் ‘நாக்’ என்று பெயர். கோடையில் மந்தையை ‘யெர்சா’ என்னும் மேட்டு மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிப்போய், கல் குடிசையில் தங்கி, நாக் பாலைக் கடைந்து வெண்ணெய் எடுப்பார்கள். உப்பும் அந்த வெண்ணெயும் சேர்த்து அடித்ததுதான் அவர்களின் தேநீர். அடுப்பு எரிவது காய்ந்த வறட்டியில்.