பதினாறு வயதில் எல்எல்ஆர்: விடுபட்ட நிபந்தனை

பதினாறு வயது நிறைந்த பிள்ளை எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்துவிட்டால் வீட்டிலுள்ள ஸ்கூட்டரைத் தாராளமாக ஓட்டலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு, அதை நம்பும் பெற்றோருக்குப் பெரும் இக்கட்டைத் தரக்கூடியது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, பொது இடத்தில் வண்டி ஓட்டப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. பதினாறு வயது என்னும் விலக்கு, எஞ்சின் கொள்ளளவு 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு மட்டுமே பொருந்தும். விண்ணப்பத்தில் பெற்றோரோ பாதுகாவலரோ எழுத்துமூலம் இசைவு தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளது. கியர் இல்லை என்பதாலேயே எந்த ஸ்கூட்டரும் இதில் அடங்கிவிடும் எனப் பலர் எண்ணுகிறார்கள். என் மகளுக்காக எங்கள் ஸ்கூட்டரின் ஆர்சி புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எஞ்சின் கொள்ளளவு என்ற இடத்தில் 109 என்றிருந்தது. இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் ஏறத்தாழ எல்லாமே இப்படித்தான்.

இதை மீறிச் சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 திருத்தம் சேர்த்த 199அ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. எல்எல்ஆர் கையில் இருந்தாலும், அது அனுமதிக்கும் வகை வண்டியை ஓட்டியிருந்தால்தான் இப்பிரிவிலிருந்து விலக்கு உண்டு.