கீமோ போகும்போது குடலைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்

அத்தைக்குப் பெருங்குடல் புற்றுநோய். இரினோடெக்கான் என்ற கீமோ மருந்தை ஏற்றிய நான்காம் நாள் ராத்திரி வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது, விடிவதற்குள் பதினோரு தடவை. நடக்கத் தெம்பில்லாமல் பாத்ரூம் வாசலிலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டார். நான் ஓஆர்எஸ்ஸை ஸ்பூன் ஸ்பூனாக வாயில் விட்டுக்கொண்டிருந்தேன். ஒத்துக்காதது எதையோ கொடுத்திருக்கிறோம் என்று வீட்டில் ஆளாளுக்குப் பேச, சாயங்காலம் இட்லி ஊட்டிய மாமா முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

காரணம் இட்லி இல்லை. இதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கல்லீரல் அந்த மருந்தோடு ஒரு சர்க்கரைத் துணுக்கைக் கோத்து, வீரியத்தை அடக்கி, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. குடலில் குடியிருக்கும் சில பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைத் தங்கள் தீனிக்காக வெட்டி எடுத்துக்கொள்ள, மருந்து பழைய வீரியத்தோடு எழுந்து குடல் சுவரையே புண்ணாக்குகிறது. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் இதை எங்களுக்கு யாராவது இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் மாமா அவ்வளவு நொந்திருக்க மாட்டார்.

பக்கவிளைவோடு இது நிற்கவில்லை. இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்மேல் ஏவிவிடும் சிகிச்சை) எடுத்த 249 நோயாளிகளைப் பற்றி பாரிஸ் பக்கத்தில் உள்ள குஸ்தாவ் ரூஸி புற்றுநோய் மையத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை தொடங்கும் சமயத்தை ஒட்டி, குடல் பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குப் பலன் குறைவாகவே இருந்தது. 2021இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இம்யூனோதெரபி மருந்துக்கு அசையாத மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளுக்கு, அதே மருந்தில் தேறியவர்களின் மலத்தைப் பக்குவப்படுத்திக் குடலுக்குள் செலுத்தி (முகம் சுளிக்காமல் படியுங்கள்), மருந்தைத் திரும்பக் கொடுத்தார்கள். 15 பேரில் 6 பேருக்குப் பலன் தெரிந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் கைவிட்ட மருந்து குடலை மாற்றியதும் வேலை செய்கிறது என்றால் அது சாதாரண விஷயமா?

உடனே மெடிக்கலுக்கு ஓடி புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா என்று விற்கும் மாத்திரை, பொடி) வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து. அத்தையைப் பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் ஆளுக்கொரு டப்பாவோடு வந்தார்கள், அன்பினால்தான். ஆனால் ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மைய மருத்துவர்கள் 2021இல் வெளியிட்ட மெலனோமா ஆய்வில், புரோபயாடிக் எடுக்காமல் நார்ச்சத்து நிறையச் சாப்பிட்டவர்களுக்குத்தான் நோய் அதிக நாள் கட்டுக்குள் இருந்தது. எலிகளில் சோதித்தபோது கடையில் விற்கும் புரோபயாடிக், இம்யூனோதெரபியின் பலனைக் குறைக்கவே செய்தது. 'குடலைச் சுத்தம் செய்தால் கேன்சர் ஓடிவிடும்' என்று வீடியோ போட்டுப் பொடி விற்பவர்கள் இதையெல்லாம் சொல்லப்போவதில்லை, அவர்கள்மேல் எனக்கு அடங்காத கோபம் இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கீமோ சமயத்தில் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே கொடுக்கும் ஆன்டிபயாடிக் உயிரைக் காப்பாற்றுவது, அதை மறுக்கவே கூடாது. நான் வேண்டாம் என்பது சளிக்கும் தொண்டை வலிக்கும் சீட்டில்லாமல் கடையில் வாங்கிப் போடுகிறோமே, அதை. போன மாதம் போட்ட மாத்திரையானாலும் புற்றுநோய் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அத்தையின் அடுத்த சுற்று கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு, வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை வாங்கி வைத்துவிட்டோம், முதல் தடவை இளக்கமாகப் போனதுமே கொடுக்கச் சொன்னார். அந்த முறை ராத்திரி பாய் விரிக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் மாமா இட்லிதான் ஊட்டினார்.