எதை வைத்து அந்நிய கார்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். உள்நாட்டு உற்பத்தியை ஆதரித்து மேடையில் பேசிய நான் வந்தது, இங்கேயே தயாரானாலும் வெளிநாட்டுக் கம்பெனி லோகோ போட்ட காரில். "மேடையில் உள்நாட்டு உற்பத்தி, வாசலில் அந்நிய கார்" என்று ஒருவர் என்னைக் குத்திக்காட்டி மைக்கில் சொன்னதும் கைதட்டியவர்களில் என் நண்பர்களும் உண்டு. பரவாயில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: எதை வைத்து அந்நிய கார்? முன்னால் ஒட்டியிருக்கும் லோகோவை வைத்தா?

சரி, லோகோவையே எடுத்துக்கொள்வோம். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் அசல் பிரிட்டிஷ் வண்டியாம். கம்பெனி 2008 முதல் டாடா கையில். வண்டி தயாராவது ஸ்லோவாக்கியாவில். சுவீடனின் பெருமையான வால்வோ கார் 2010 முதல் சீனாவின் ஜீலி கம்பெனியிடம். குஜராத்தில் செய்த மாருதி சுசுகி ஃபிராங்ஸ் கார் 2024 முதல் ஜப்பானுக்குப் போகிறது. சுசுகி லோகோவோடு போய், ஜப்பானிலேயே அது இறக்குமதி கார்! அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் செய்து அங்கேயே விற்கும் பிஎம்டபிள்யூ எஸ்யூவியின் சேசிஸ் எண்கூட ஜெர்மனிக்குரிய எழுத்தில் தொடங்காது, அமெரிக்காவுக்குரிய 5-ல் தொடங்கும்.

எந்த ஊர்க்காரன் கையால் உருவாகிறதோ, அந்த ஊர் வண்டி. நான் சொல்வது இவ்வளவுதான்.

"லாபம் வெளியே போகிறதே?" போகிறது, மறுக்கவில்லை. உள்நாட்டுக் கம்பெனி லாபம் மட்டும் உங்கள் வீட்டுக்கா வருகிறது? பங்குதாரருக்குப் போகிறது, அவர் எந்த நாட்டிலும் இருக்கலாம். "டிசைன் அங்கேதானே?" ஆமாம், அங்கேதான். அதனால் என்ன?

அமெரிக்காவில் 1992-ல் சட்டமே போட்டு, உதிரிபாகத்தில் உள்நாட்டுப் பங்கு எத்தனை சதவீதம் என்று புது கார்களில் ஸ்டிக்கர் ஒட்டவைத்தார்கள். அதில் அமெரிக்காவும் கனடாவும் ஒரே கணக்கு. அதைவிடக் கொடுமை, கடைசியாக வண்டியை அசெம்பிள் செய்யும் கூலி அந்தச் சதவீதத்தில் சேராது. வண்டியை வண்டியாக்குகிறவன் கணக்கிலேயே இல்லை!

எனக்கு வலிப்பதும் இதுதான். என் அண்ணன் அப்படி ஒரு வெளிநாட்டுக் கார் கம்பெனியின் அசெம்பிளி லைனில் கதவு மாட்டியவர். கீல் போல்ட்டை முறுக்கி, இடைவெளி சீராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதற்குள் அடுத்த வண்டி வந்து நிற்குமாம். இப்போதும் யார் காரில் ஏறினாலும் கதவு விளிம்பைத் தடவிவிட்டுத்தான் உட்காருவார். கம்பெனி வெளிநாடு. அண்ணனின் முதுகுவலியும் வெளிநாடா? ஞாயிறு அன்று அவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். கைதட்டியவர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"எல்லா பாகமும் இங்கேயா செய்தது?" இல்லை. என் பானெட்டைத் திறந்தால் பல நாட்டுப் பெயர் இருக்கும். உங்கள் சுதேசி வண்டியையும் கொஞ்சம் திறந்து, உள்ளே இருக்கும் ஸ்டிக்கர்களைப் படித்துவிட்டு மைக்கைப் பிடியுங்கள்.

எதற்கு வம்பு, வண்டியை மாற்றிவிடு என்று அன்பாக மெசேஜ் அனுப்பியவர்களுக்கு: மாற்றுகிறேன். ஆணி முதல் சிப் வரை ஒரே நாட்டில் செய்த கார் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள், நாளைக்கே போய் புக் பண்ணுகிறேன்.