போர் பற்றிய அந்த வரி பிளேட்டோ எழுதியது அல்ல

"இறந்தவர்கள் மட்டுமே போரின் முடிவைக் கண்டவர்கள் - பிளேட்டோ." தாடி வைத்த கிரேக்கச் சிலையின் படத்தோடு இந்த வரி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வரி உண்மையில் மனதை உலுக்குவதுதான். ஆனால் பண்டைய கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ உரையாடல் வடிவில் எழுதிய நூல்கள் எதிலும் இது இல்லை.

எழுதியவர் ஜார்ஜ் சாந்தாயனா. 1863-ல் மாட்ரிட்டில் பிறந்து, ஹார்வர்டில் தத்துவம் கற்பித்தவர். முதல் உலகப் போர் ஆண்டுகளில் இங்கிலாந்தில் இருந்தார். 1918-ல் போர்நிறுத்தச் செய்தி வந்தபோது, ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு காபிக் கடையில் காயம்பட்ட இளம் அதிகாரிகள் சந்தோஷமாகப் பாடுவதைக் கேட்கிறார். பாவம், இனி ஆபத்தில்லை என்று நினைக்கிறார்களே என்று அவருக்கு மனம் கனக்கிறது. அந்த இடத்தில்தான் இந்த வரி வருகிறது. அந்தப் பையன்களை நினைத்து எழுதியதை இரண்டாயிரம் ஆண்டு பின்னுக்குத் தள்ளி வேறொருவர் பெயரில் போடுவது எனக்கு உறுத்துகிறது.

சரி, பிளேட்டோ எப்படி உள்ளே வந்தார்? 1962-ல் அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி உரையில் இந்த வரியை பிளேட்டோ சொன்னதாகச் சொன்னார். 2001-ல் வந்த 'பிளாக் ஹாக் டவுன்' திரைப்படமும் பிளேட்டோ பெயர் போட்ட இதே வரியோடு தொடங்கியது. அப்புறம் பரவுவதற்குக் கேட்கவா வேண்டும்?

சந்தேகம் இருந்தால், 1922-ல் வெளியான 'சாலிலக்விஸ் இன் இங்கிலாந்து' நூலில் 'டிப்பரரி' கட்டுரையைப் பாருங்கள். இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகவே படிக்கலாம். பிளேட்டோ பெயர் போட்ட படம் வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் சாந்தாயனாவின் பெயரைச் சொல்லுங்கள்.