பாட்டுக்கு ஓம், பொம்மைக்கு இல்லை

பிரிந்துபோன பாட்டுக்குழு ஒன்று கனகாலம் கழித்துக் கூடி ஒரு புது அல்பம் போட்டால் எங்கட சனம் முதலில் கேட்பது, "பழைய மாதிரி இருக்கோ?" என்றுதான். இருந்தால், "அரைச்ச மாவையே அரைச்சிருக்கினம்." இல்லாவிட்டால், "வயது போட்டுது, பேசாமல் வீட்டில இருந்திருக்கலாம்." எப்படிப் போனாலும் அடி நிச்சயம். 2021 நவம்பர் 5 அன்று அபா குழுவின் 'வொயேஜ்' வந்தபோது இந்த இரண்டு அடியும் ஒன்றாகவே விழுந்தன. எனக்கு அந்த அல்பம் பிடிக்கும். அவர்களுடைய வயது அதில் கேட்கிறபடியால்தான் பிடிக்கும். அதற்குப் பிறகு லண்டனில் கட்டி எழுப்பினார்களே ஒரு பொம்மைக் கச்சேரி, அதுதான் எனக்குத் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. பதிவு நீளும். நேரமில்லாதவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம்.

தெரியாத பெடியளுக்காகச் சுருக்கமாக: சுவீடனைச் சேர்ந்த நாலு பேர், இரண்டு சோடி. 1974 இல் பிரைட்டனில் நடந்த யூரோவிஷன் போட்டியில் 'வோட்டர்லூ' பாடி வென்றார்கள். பிறகு உலகம் முழுக்க அவர்களுடைய பாட்டுத்தான். அக்னெத்தாவும் பியோர்னும் 1980 இல் விவாகரத்து, ஃப்ரீடாவும் பென்னியும் 1981 இல். அந்த 1981 நவம்பரிலேயே 'த விசிட்டர்ஸ்' வந்தது. கலியாணம் முடிந்து பந்தல் கழற்றுகிற நேரத்து வீடு மாதிரி ஒரு அல்பம். 1982 முடிய ஆளுக்கொரு திசை. "பிரிகிறோம்" என்று ஒரு அறிவிப்புக்கூட அவர்கள் விடவில்லை. அவர்கள் சேர்ந்து பாடாமல் இருந்த அந்த நாற்பது வருடத்தில் இங்கே யாழ்ப்பாணத்தில் என்னென்ன நடந்தது என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

என் வயதுக்காரருக்கு அபா அறிமுகமானது இலங்கை வானொலியின் ஆங்கில சேவையிலும், றெக்கோடிங் பாரில், அதுதான் பாட்டுப் பதிந்து தருகிற கடையில், அடித்து வாங்கிய கசெற்றிலும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டைக் காலம், கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் கசெற்றும் களைக்கும். அக்னெத்தாவின் குரல் மெல்ல மெல்ல இறங்கி ஆம்பிளைக் குரலாகிவிடும். "டேய், சுத்தடா!" என்று ஒருவன் கத்தினால் திரும்பவும் மேலே ஏறும். ஆகவே அந்த மனிசியின் குரல் தணிந்து கேட்பது எங்களுக்கு ஒன்றும் புதினமில்லை.

இப்போது விசயத்துக்கு வருவோம். அல்பத்தில் மொத்தம் பத்துப் பாட்டு. நாலாவதையும் ஐந்தாவதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நாலாவது 'டோன்ற் ஷட் மீ டவுன்'. அக்னெத்தாவுக்கு 71 வயதில் வெளிவந்தது. ஐந்தாவது 'ஜஸ்ட் எ நோஷன்'. இதில் இருக்கிற குரல்கள் 1978 இல் பதிவு செய்து கிடப்பில் போட்டவை, பின்னணி இசையை மட்டும் பென்னி புதிதாகச் செய்தார். அதாவது ஒரே ஆளின் இளங்குரலும் முதிர்ந்த குரலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஐந்தாவதில் உச்சத்துக்குப் போகும்போது கண்ணாடி மாதிரி மினுங்குகிற அந்தச் சத்தம் நாலாவதில் இல்லை. அதற்குப் பதிலாக அடியில் ஒரு கரகரப்பு, சொல்லை எடுக்க முன்னம் ஒரு சின்ன மூச்சு. பாட்டின் கதையும் அதற்கேற்றதுதான்: விட்டுப்போன பெண் ஒருத்தி பின்னேரம் பூங்கா வாங்கில் இருந்து யோசித்து, பிறகு எழும்பிப் போய்ப் பழைய ஆளின் கதவைத் தட்டி, நான் முந்தி இருந்த ஆள் இல்லை, கதவைச் சாத்தாதே என்கிறாள். இருபத்தெட்டு வயதுக் குரலில் இதைப் பாடியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

'கீப் அன் ஐ ஒன் டான்' இன்னும் ஒரு படி மேலே. பிரிந்துபோன தாய், வார இறுதிக்கு மகனைத் தகப்பன் வீட்டில் இறக்கிவிட்டுக் காரில் போகிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள் என்கிறாள். வேறு ஒன்றுமில்லை, அவ்வளவுதான் பாட்டு. துள்ளுகிற தாளத்தில் வேறு! எழுதியவர் பியோர்ன், பாடுகிறவர் அவருடைய முன்னாள் மனைவி. எங்கட ஊரில் விவாகரத்தான இரண்டு பேர் ஒரே பந்தியில் இருந்துவிட்டால் சனம் சோற்றை விட்டுவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி இரண்டு சோடியும் ஒரே ஸ்ரூடியோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடியிருக்கிறார்கள். காசுக்காக என்று சொல்லவும் வழியில்லை. 2000 ஆம் ஆண்டளவில் ஒரு பில்லியன் டொலர் தருகிறோம், சேர்ந்து சுற்றுப்பயணம் போங்கள் என்று வந்த பேச்சையே வேண்டாம் என்றவர்கள்.

எல்லாப் பாட்டும் திறம் என்று நான் சொல்ல வரவில்லை. 'லிட்டில் திங்ஸ்' நத்தார் வாழ்த்து மட்டைக்கு மேல் போகவில்லை. 'பம்பிள்பீ' நித்திரை. இசையமைப்பும் எண்பதுகளோடு நின்றுவிட்டது என்கிறார்கள், உண்மைதான். அதனால் என்ன? எழுபது தாண்டிய பென்னி இருபது வயதுப் பெடியனின் பீற்றைக் கடன்வாங்கிப் போட்டிருந்தால் அதைவிட அசிங்கம் வேறில்லை. தனக்குத் தெரிந்ததைச் செய்தார். சனமும் வாங்கியது. பிரித்தானியாவில் முதலாமிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம். அமெரிக்காவில் அவர்களுடைய புகழின் உச்சத்தில்கூட எந்த அல்பமும் அவ்வளவு மேலே போகவில்லை.

இனி பொம்மைக் கதை. 2022 மே 27 அன்று கிழக்கு லண்டனில் மூவாயிரம் பேர் கொள்ளும் அரங்கம் ஒன்றை இதற்கென்றே கட்டித் திறந்தார்கள். நாங்கள் அப்போது பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். நான் மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு மதிலோரம் கிடைத்த ஒரு முழ நிழலில் குந்தியிருந்த ஒரு நாளில்தான் பெரியம்மாவின் மகள் லண்டனிலிருந்து போன் எடுத்தா. முதல்நாள் இரவு போய்ப் பார்த்திருக்கிறா.

"தம்பி, எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டுது. அதே உடுப்பு, அதே தலைமயிர். அவைக்கு வயசே போகேல்லையடா."

"அக்கா, அவை வீட்டில இருக்கினம். நீங்கள் பாத்தது படம்."

"போடா விசரா. உனக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரிந்தது இதுதான். நாலு பேரும் உடம்போடு ஒட்டின உடுப்புப் போட்டு, ஐந்து கிழமை கமராக்களுக்கு முன்னால் பாடி ஆடினார்கள். அந்த அசைவை எடுத்து, 1979 இல் இருந்த முகத்தையும் உடம்பையும் கணினியில் செய்து அதற்கு மேல் போர்த்தினார்கள். 'ஸ்டார் வோர்ஸ்' படங்களுக்கு வித்தை காட்டின அதே கொம்பனிதான். மேடையில் உயிரோடு நிற்பவர்கள் வாத்தியக்காரர் பத்துப் பேர் மட்டும். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். புது அல்பத்தில் இருந்து அங்கே எடுத்த இரண்டு பாட்டில் ஒன்று அதே 'டோன்ற் ஷட் மீ டவுன்'. நான் மாறிப்போய் வந்திருக்கிறேன் என்று 71 வயதுக் குரல் பாடுகிறது, 29 வயது முகம் வாயசைக்கிறது. அல்பம் துணிந்து சொன்னதை அரங்கம் மேக்கப் போட்டு மூடிவிட்டது. இவ்வளவு வித்தை தெரிந்தவர்கள் அந்த ஒரு பாட்டுக்காவது நரைத்த தலையோடு நாலு உருவத்தைச் செய்து நிறுத்தியிருக்கலாமே? செய்ய மாட்டார்கள். ரிக்கெற் வாங்குகிற சனம் அதற்கு வரவில்லை.

அந்தச் சனத்தை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் வருடா வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்களில் கொஞ்சப் பேர் இங்கேயும் வருகிறார்கள். வந்திறங்கி, அந்தக் கடை எங்கே, அந்த ஒழுங்கை ஏன் இப்படி, முந்தி இப்படி இல்லையே என்று முகம் சுழிப்பார்கள். தாங்கள் விட்டுப்போன வருடத்தில் ஊர் அப்படியே நிற்கவேண்டும் அவர்களுக்கு. (அக்கா, இதை வாசித்துவிட்டு எடுத்து ஏசுவீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, பின்னேரம் எடுங்கோ.)

ஊரில் இருக்கிற நாங்களும் திறமில்லை. சிறிது காலத்துக்கு முன்னம் ஒரு கோயில் திருவிழாவின் இசை நிகழ்ச்சியில், ஒருகாலத்தில் இங்கே மேடை மேடையாகப் பாடின ஒருவரை ஏற்றினார்கள். எழுபதைத் தாண்டிய மனிசன். கீபோட் பெடியன் அவர் காதுக்குள் ஏதோ கேட்டு, சுருதியை இரண்டு கட்டை இறக்கிக்கொண்டான். அவர் வேட்டியைச் சரிசெய்து, மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மேல் ஸ்தாயி வருகிற இடத்தைத் தந்திரமாகச் சுற்றிப்போய்ப் பாடினார். அனுபவஸ்தன் செய்கிற வேலை, கேட்கக் கேட்க வடிவு. எனக்குப் பின்னால் ஒரு பெடியன் போனைத் தூக்கி, யூரியூப்பில் அதே பாட்டின் பழைய பதிவைப் போட்டுச் சிநேகிதனுக்குக் காட்டினான், அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே! "இதெல்லாம் அப்ப பாடினது மச்சான், இப்ப குரல் போட்டுது" என்றான். குரல் போகவில்லையடா தம்பி, இறங்கி வந்திருக்கிறது. காசு இருந்திருந்தால் அவனும் பொம்மையைத்தான் கேட்டிருப்பான்.

லண்டன் கச்சேரியால் பத்து வாத்தியக்காரருக்குத் தினமும் வேலை, சனத்துக்குச் சந்தோசம், உனக்கு எங்கே குத்துகிறது என்று அக்கா கேட்டா. நியாயமான கேள்வி. சந்தோசத்தை நான் தடுக்கவில்லை. அந்த அரங்கத்தைக் காட்டி 'வொயேஜ்' அல்பத்தை அதன் விளம்பரத் துண்டு மாதிரிக் கதைக்கிறார்களே, அதுதான் குத்துகிறது. பென்னியும் பியோர்னும் இதோடு சரி, இனி அல்பம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இருக்கிற பத்துப் பாட்டுத்தான் கணக்கு.

வாதாட வருகிறவர்கள் நாலு, ஐந்து, ஆறு ஆகிய மூன்றையும் அதே ஒழுங்கில் கேட்டுவிட்டு வாருங்கள். ஆறாவது 'ஐ கான் பி தற் வுமன்', புருசனும் பெண்சாதியும் விடிய விடியச் சண்டைபிடித்த வீட்டுக் கதை. ஹெட்போனில் கேளுங்கோ, போன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வந்து குறை சொல்லவேண்டாம். நான் கடை பூட்டினபிறகுதான் பதில் போடுவேன்.