டிரைவருக்கு எதற்குப் பிறந்த நேரம்?

போன மாதம் ஒரு வாடிக்கையாளர், நாங்கள் அனுப்பிய ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருளை, தாங்களும் பில்ட் செய்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அதே சோர்ஸ் கோட், அதை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் அதே கம்பைலர். ஃபைலின் கைரேகை போன்ற ஹாஷ் ஒத்துப்போகும் என்று தெம்பாகச் சொல்லிவிட்டேன். ஒத்துப்போகவில்லை.

அன்று கடைசி எம்ஆர்டி ரயிலை விட்டுவிட்டு டாக்சியில்தான் உட்லண்ட்ஸ் போய்ச் சேர்ந்தேன். இமேஜைச் சுருக்கி வைத்திருந்ததால் முதலில் எல்லா பைட்டுமே வேறு மாதிரி தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், ஒரே ஒரு சென்சார் டிரைவரில், அதாவது சென்சாரை இயக்கும் மென்பொருளில், சில பைட்டுகள்தான் வேறுபாடு. அந்த டிரைவர் ஏறும்போது லாக் பதிவில் பெருமையாக ஒரு வரி அச்சிடுகிறது: பெயர், பதிப்பு, அப்புறம் கம்பைல் ஆன தேதி 11 எழுத்தில், நேரம் 8 எழுத்தில். ஜாதகமா கணிக்கப் போகிறோம்?

சி மொழியின் டேட், டைம் மேக்ரோக்கள் (கம்பைல் ஆகும்போது தானாக நிரப்பப்படும் குறிச்சொற்கள்) செய்கிற வேலை இது. இதைக் கண்டால் கம்பைலே ஆகாதபடி லினக்ஸ் கெர்னல் பல வருடங்களாகத் தடுத்து வைத்திருக்கிறது. டிரைவரைக் கொடுத்த நிறுவனமோ பில்ட் கட்டளைகளை எழுதி வைக்கும் தன் மேக்ஃபைலில் அந்தத் தடையை அணைத்துவிட்டிருந்தது! பிழையைச் சரிசெய்வதைவிட, பிழை சொல்பவன் வாயை அடைப்பது சுலபம் போலும்.

மறுநாள் காப்பிக்கடையில் எங்கள் டீமின் மூத்த அண்ணனிடம் புலம்பினேன். "தேதி இருந்தால்தானே தம்பி, எந்த பில்ட் என்று தெரியும்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தேதி அதைச் சொல்வதே இல்லை. எங்கள் பில்ட் சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, சிங்கப்பூர் 8 மணி நேரம் முந்தி. திங்கள் காலை ஏழரைக்குப் போட்ட பில்டில் ஞாயிறு 23:30 என்று இருக்கும். எந்த ஊர் நேரம் என்று மேக்ரோ எழுதாது. அதைவிட மோசம், பக்கத்து ஃபைலை மட்டும் திருத்தி பில்ட் செய்தால் இந்த ஃபைல் மறுபடி கம்பைல் ஆகாது, பழைய தேதியே நிற்கும். கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டின் கமிட் எண்ணைப் போட்டால் எந்த கோட் என்று நேராகத் தெரியும். ஜிசிசி கம்பைலரில் பதிப்பு 7 முதல் ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் தேதியை நிலையாக வைத்துவிடவும் வழி உண்டு. என்னைக் கேட்டால் அது ஒட்டுப்போடுகிற வேலை, வரியையே எடுத்துவிடலாம்.

2020இல் வெளியான சோலார்விண்ட்ஸ் மென்பொருள் நிறுவன விவகாரத்தில் விஷமக் கோட் நுழைந்தது பில்ட் நடக்கும்போது. டிஜிட்டல் கையெழுத்திட்ட அப்டேட்டாகவே அது வெளியே போனது. அப்படி ஒன்றைப் பிடிக்க இரண்டு இடத்தில் பில்ட் செய்து ஒப்பிடலாம். ஆனால் ஒவ்வொரு பில்டும் கடிகாரத்தால் மாறினால், எந்த மாற்றம் கடிகாரம், எந்த மாற்றம் திருடன்?

வரியை அழித்தேன். இரண்டு மெஷினிலும் ஹாஷ் ஒன்றாகவே வந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, "சரி, அந்த இடத்தில் கமிட் எண்ணையாவது போடு" என்றார். போட்டேன். டிரைவர் நிறுவனத்துக்கும் பேட்ச் அனுப்பினேன், பதில் இல்லை. போன வாரம் அவர்களின் புதுப் பதிப்பு வந்தது. அந்த வரி அப்படியே இருக்கிறது.