பரம்பரை என்று ஒரே வரியில் முடித்தால் எப்படி?

மனச்சிதைவு (ஸ்கிட்சோஃப்ரினியா) ‘பரம்பரை நோய்’ என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஊரும் அப்படி ஒரே வரியில் பேசியதால்தான் எங்கள் வீட்டில் தங்கைக்கு வந்த வரன் இரண்டு தடவை தட்டிப்போனது. சித்தப்பாவுக்கு இந்த நோய் 22 வயதில் தொடங்கியது. ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அதன்மேல் ஈரத்துண்டைப் போட்டு மூடுவார்.

பரம்பரையின் பங்கு பெரிது, சரி. ஆனால் மரபணு அச்சு அசலாக ஒன்றாயிருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான ஜோடிகளில்தான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு சுமார் 10 சதவீதம். பொதுவில் 100 பேருக்கு ஒருவர் என்பதைவிட அதிகம்தான். மீதி 90 பேரை யார் எண்ணுகிறார்கள்?

இதற்கென்று தனி மரபணு எதுவும் கிடையாது. 2022இல் வந்த பெரிய ஆய்வு மரபணுத் தொகுதியில் இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் காட்டியது. பெரும்பாலும் ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். அதில் 2016இல் பேசப்பட்ட சி4 மரபணு சுவாரசியமானது. பதின்ம வயதில் மூளை தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கழிக்கும், முருங்கையைக் கவாத்து செய்வதுபோல. சி4 மிகுந்தால் வெட்டு அளவு மீறுகிறதோ என்று சந்தேகிக்கிறார்கள். நோய் 20 வயதை ஒட்டித் தலைகாட்டுவதற்கு இது ஓரளவு பொருந்துகிறது.

மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை வைத்துச் சொல்லும் விளக்கமோ மருந்துக்குப் பின்னால் வந்தது. 1952இல் குளோர்புரோமசின் என்ற மருந்துக்கு நோய் கேட்டது. எப்படிக் கேட்டது என்று அப்புறம்தான் தேடினார்கள்.

சித்தப்பா இப்போது மாத்திரையோடு நிம்மதியாக இருக்கிறார். அவருடைய இரண்டு மகன்களும் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள், இருவருக்கும் ஒன்றுமில்லை.